நாற்பது நிமிடக் குரல்

மூன்றாவது விக்ஸ் மிட்டாயை நாக்குக்கு அடியில் ஒதுக்கினாள்.

தொண்டையில் ஒன்றும் இல்லை. இரண்டு நாட்களாக ஐஸ் கட்டியை மென்று பார்த்தும் குரல் கட்டவில்லை. கட்டியதுபோல் பேச வேண்டியிருந்தது.

"குட் மார்னிங், மேடம்."

"மேடமெல்லாம் வேணாம். சுகந்தின்னே கூப்பிடுங்க." டீம் லீடு மடிக்கணினியிலிருந்து நிமிர்ந்தாள். "என்னங்க, இன்டர்வியூல கணீர்னு பேசினீங்க. இன்னைக்கு எலி கத்துற மாதிரி இருக்கு?"

அவள் பதிலுக்குத் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். சிரித்தும் வைத்தாள்.

ஐந்தாம் மாடி. கண்ணாடி அறை. ஒரு வெள்ளைப் பலகை, நான்கு நாற்காலி. பேருந்து டிக்கெட் பதிவு செய்யும் மென்பொருளுக்குப் புதிதாக எடுத்த இரண்டு பேரில் அவள் ஒருத்தி. இன்னொருத்தி இன்னும் வரவில்லை.

காலையில் பதினொரு தாள்களில் கையெழுத்துப் போட்டிருந்தாள். ஏழாவது தாளில் ஒரு வரி: நேர்காணலில் பங்கேற்றது நானே.

பங்கேற்றது அவள் முகம்.

குரல் வேறொருத்தியுடையது.

ஒரு தரகனின் ஏற்பாடு. நேர்காணல் வீடியோவில். மடிக்கணினிக்குப் பின்னால் ஒரு கைபேசி. பதில் அதிலிருந்து வரும். அவள் உதட்டை மட்டும் அசைக்க வேண்டும். நாற்பது நிமிடம் அசைத்தாள். திரையில் சுகந்தி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்கு முன் ஏழு நேர்காணல். ஏழிலும் பதில் தெரியும். யாராவது கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அந்த நாற்பது நிமிடத்தின் ஒலிப்பதிவைத் தரகன் பிறகு அனுப்பிவைத்தான். மனப்பாடம் செய்துகொள், உள்ளே போய் மாற்றிச் சொல்லாதே என்று. ஒரு மாதம் கேட்டாள். பேருந்தில், துணி துவைக்கையில், சோறு வடிக்கையில். அந்தக் குரல் எங்கே மூச்சு வாங்கும், எங்கே தண்ணீர் குடிக்கும், எல்லாம் தெரியும். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் ஒரு 'அதாவது'. அதில் சற்று இழுப்பு.

ஆளைத்தான் தெரியாது.

கதவு திறந்தது.

"சாரிங்க. அதாவது, கீழ ஐடி கார்டு குடுக்குற இடத்துல ஒரே கூட்டம்."

மிட்டாய் முழுசாகத் தொண்டைக்குள் இறங்கியது.

வந்தவள் பெயர் மெர்லின். முப்பத்தைந்து வயது இருக்கும். பெங்களூர் அலுவலகத்தில் பார்த்து எடுத்த ஆள். சுகந்திக்கு இன்றுதான் அறிமுகம்.

"ஆறு வருஷம் வீட்ல இருந்துட்டேங்க. ரெண்டு பசங்க. அதாவது, இத்தனை கேப் இருந்தா யாரும் கூப்பிடவே மாட்டாங்க. நீங்கதான் கூப்பிட்டீங்க."

சுகந்தியின் விரல்கள் விசைப்பலகை மேல் நின்றன.

"நாம முன்னாடி பேசியிருக்கோமா?"

"இல்லைங்க."

"ம்."

விரல்கள் மறுபடி ஓடின. தட்டியபடியே சுகந்தி, பக்கத்தில் இருந்தவளின் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்தாள்.

ஐடி கார்டின் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்த மெர்லினின் கை அப்படியே நின்றது. மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

குரல் கொடுத்தபோது அவளுக்குத் தெரிந்திருந்தது அந்தப் பெயர் மட்டுமே.

இருவரும் சேர்ந்தாற்போல் மேசையைப் பார்த்தார்கள். ஒருத்தி பிடிபட்டால் இருவரும் அதே லிஃப்டில் கீழே இறங்க வேண்டியதுதான். அதன் பிறகு எந்தக் கம்பெனியின் கதவும் திறக்காது.

சுகந்தி எழுந்து பலகையில் ஒரு சதுரம் வரைந்தாள்.

"இது பஸ்ல ஒரு சீட்டு. ரெண்டு பேர் ஒரே செகண்ட்ல இதை அமுக்குறாங்க. யாருக்குக் குடுக்கறது? நம்ம டீமுக்கு யார் வந்தாலும் முதல் நாள் இதுல இருந்துதான் ஆரம்பம்." மார்க்கரை அவளிடம் நீட்டினாள். "இதுக்கு இன்டர்வியூல அழகா ஒரு பதில் சொன்னீங்க. எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அதையே மெர்லினுக்குச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அவள் பலகை முன்னால் நின்றாள். மார்க்கரின் மூடி வியர்வையில் வழுக்கியது. ஒரு மாதமாகக் கேட்ட பதில். ஒரு சொல்கூட நினைவில் இல்லை.

உதடுகள் திறந்தன.

பழக்கத்தில் காத்திருந்தாள்.

எதுவும் வரவில்லை.

சுகந்தி கையைக் கட்டிக்கொண்டாள்.

நோட்டைப் பார்த்துக் குனிந்திருந்த மெர்லின் நிமிர்ந்தாள். அவள் உதடுகள் அசைந்தன. சத்தமில்லாமல்.

அதாவது.

"முதல்ல கை வெச்சவங்களுக்கு அந்த சீட்டைப் பூட்டிடணும்."

யார் பேசியது என்று திடுக்கிட்டாள். எலியும் இல்லை, கணீரும் இல்லை. அவளுடையதுதான்.

மெர்லினின் உதடுகள் அசைந்தன.

"ரெண்டாவது ஆளைக் காக்க வைக்காம, அப்பவே இல்லைன்னு சொல்லிடணும்."

அசைந்தன.

"பத்து நிமிஷத்துல பணம் வரலைன்னா பூட்டைத் திறந்துடணும்."

ஒலிப்பதிவில் பதில் அங்கே முடிந்துவிடும்.

அவள் பலகைப் பக்கம் திரும்பி எழுதத் தொடங்கினாள்.

"பதினோராவது நிமிஷம் பணம் வந்து சேர்ந்தா? சீட்டு வேற ஆளுக்குப் போயிருக்கும். பணம் கட்டினவர் போன் பண்ணிச் சத்தம் போடுறதுக்கு முன்னாடி நாமளே பணத்தைத் திருப்பி அனுப்பிடணும். மன்னிப்பும் கேட்டுடணும். தப்பு அவரோடது இல்லை."

கடைசிக் கோட்டைப் போட்டு மூடியை அழுத்தினாள். 'டக்' என்றது.

திரும்பினாள்.

மெர்லினின் உதடுகள் இறுக மூடியிருந்தன.

சுகந்தி பலகையைப் பார்க்கவில்லை. அவள் நாற்காலி மெர்லின் பக்கம் திரும்பியிருந்தது.

எப்போது திரும்பியது என்று தெரியவில்லை.