இலவசக் காது மெஷின்

கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் லூர்துமேரியின் கம்ப்யூட்டர், முகூர்த்த மாசம் வந்தாலே முக்க ஆரம்பித்துவிடும். அன்றைக்கும் மாப்பிள்ளை பெயரைப் பாதியில் நிறுத்திவிட்டு, "புதுசு வாங்கினா கண்ணுக்கும் இதம், வேலைக்கும் வேகம்" என்று திரையில் விளம்பரம் போட்டது.

அதன் காதில் விழாமல் பேசலாமென்று கணவர் சூசையை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனாள்.

"என்னங்க, கம்ப்யூட்டர் நிஜமாவே பழசாயிடுச்சா, இல்ல நடிக்குதா?"

"புதுசு வாங்கிடு மேரி. கண்ணுக்கும் இதம், வேலைக்கும் வேகம்."

அவளுக்குத் திக்கென்றது. செருப்பு அறுந்தால் ஊக்கு குத்திப் போட்டுக்கொள்ளும் மனுஷன் இவர். விளம்பரம் வந்தபோது குளித்துக்கொண்டிருந்தார். பிறகு யார் சொல்லிக்கொடுத்தது?

அவர் காதைப் பார்த்தாள். எட்டு மாசத்துக்கு முன்னால், கம்ப்யூட்டர் விற்ற அதே கம்பெனிக்காரன் காது கேட்காத அவருக்கு இலவசமாக மாட்டிவிட்டுப் போன காது மெஷின் பச்சையாக மினுங்கியது. அது வந்த பிறகுதான் புது ஃபிரிட்ஜ், புது டிவி எல்லாம் வந்தன. எல்லாவற்றுக்கும் முதலில் தலையாட்டியவர் இவர்தான்.

மெஷினை மெல்லக் கழற்றி, கீழே போய் அரிசி டப்பாவுக்குள் புதைத்தாள். இனி அவருக்கு ஒன்றும் கேட்காது. கையோடு எடுத்துவந்த பத்திரிகை அட்டையின் பின்புறம் எழுதி நீட்டினாள்: "புது கம்ப்யூட்டர் வாங்கலாமா?"

சூசை படித்துவிட்டு முறைத்தார். "உனக்கென்ன பைத்தியமா? இருக்கறதே நல்லாத்தானே ஓடுது!"

லூர்துமேரிக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டு மாசம் கழித்து அன்றைக்குத்தான் புருஷன் அவளோடு பேசினார்.