நிற்காத வண்டி

"வண்டி நிக்க மாட்டேங்குது" என்றாள் காருக்குள் இருந்த பெண்மணி. எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு ஸ்டார்ட் ஆகாத வண்டிகள்தான் வரும்.

சாவியை உருவிக் காட்டினாள். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

பானெட்டைத் திறந்தேன். நாலு இன்ஜெக்டர். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கம்பி. ஒன்றில் கரண்ட் வந்து காத்திருக்கும். இன்னொன்றை வண்டியின் கம்ப்யூட்டர் எர்த் செய்யும்போதுதான் இன்ஜெக்டர் திறந்து பெட்ரோலைப் பீய்ச்சும். ஒரு கனெக்டரைக் கழற்றினாலே இன்ஜின் திணறும். நாலையும் கழற்றினேன். திணறவில்லை. கனெக்டரில் டெஸ்ட் லைட்டைச் செருகினேன். மின்னவே இல்லை, சிக்னலே வரவில்லை. ஆனால் ஸ்க்ரூடிரைவரை இன்ஜெக்டரில் ஊன்றிக் காது வைத்தால், டிக் டிக்கென்று நிதானமாக அடித்தது.

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து, "இறங்குங்கம்மா, நான் பாக்குறேன்" என்றேன்.

"நீங்களாத்தான் சொல்றீங்க" என்றபடி இறங்கினாள்.

நான் உட்கார்ந்ததும் கதவு சாத்திக்கொண்டது. அவள் கால்களை நீட்டி மடக்கிப் பார்த்தாள். சாவியைப் பெஞ்சில் வைத்துவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள். திரும்பியே பார்க்கவில்லை.

நாலு கதவும் உள்ளிருந்து திறக்கவில்லை. கண்ணாடியும் இறங்கவில்லை.

டீ குடித்துவிட்டு வந்தான், என்னோடு வேலை பார்க்கும் என் மனைவியின் தம்பி. குனிந்து பார்த்துச் சிரித்தான்.

"என்ன மாமா, உள்ளேயே குடித்தனம் வெச்சுட்டீங்களா? இறங்குங்க, நான் பாக்குறேன்."

வெளியே இருந்து கதவைத் திறந்தான்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"நீயாத்தான் சொல்ற, மாப்ள" என்றேன்.