திட்ட வந்தவர்

பிரைட்டன் கடற்கரை வீட்டில், சாய்வு நாற்காலியில் கிடந்த பழைய நடிகர் ரெனிக்கைப் பார்த்துக் கத்தினார் கில்பர்ட். "நீயெல்லாம் நடிகனாடா? லீட்ஸ் மேடையில வசனம் மறந்து முழிச்சவன்தானே!"

ரெனிக்கின் முகம் சிவந்தது. "மறந்தது நீடா! எழுபத்தெட்டுல. உன் வசனத்தையும் நானே சொன்னேன். அடுத்த வருஷமே லண்டன்ல ராஜா வேஷம். அப்புறம் பதினாறு சினிமா. நீ கடைசிவரைக்கும் ஈட்டி பிடிச்ச சிப்பாய்!"

"ராஜாவா? எங்க, பேசிக் காட்டு!"

ரெனிக் எழுந்து நின்று, ஒரு சொல் பிசகாமல் ராஜாவாக முழங்கினார். பிறகு, "வெளிய போடா நாயே!" என்று வாசலைக் காட்டினார்.

வாசலில் கில்பர்ட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள் ரெனிக்கின் மகள் ஹில்டா. "ரொம்ப நன்றி அங்கிள். காலையில என்னையே யாருன்னு கேட்டார். உங்க மேல கோபம் வந்தாத்தான் அவருக்கு எல்லாம் ஞாபகம் வருது."

கில்பர்ட் கண்களைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு வந்து அவன் சினிமாவைத் திட்டறேன்மா."