வேர்வை சிந்தும் குடும்பம்

பெண் பார்க்க நிவித்திகலைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்த ஜெனிஸ்டனிடம், பெண்ணின் அப்பா லாசர் விசாரித்தார்.

"இரத்தினபுரி ஒபிஸ்ல என்ன வேலைங்க தம்பி?"

"ஆப்போட ஸ்கிரீனுக்கு கோட் எழுதுறதுங்க. இப்ப கம்ப்யூட்டர்ல பிளகின்னு ஒரு துணை மென்பொருள் போட்டிருக்கோம். விபரத்தக் குடுத்து பில்ட் பண்ணுனா, அதுவே எல்லாத்தையும் எழுதிரும்."

"அப்ப நீங்க?"

"சரியா எழுதுதான்னு பார்த்துக்கிட்டு இருப்பேன்."

மாப்பிள்ளை வீட்டார் போனதும் லாசர் மனைவி ஞானமேரியிடம் வெடித்தார்.

"வேலைய வேற ஒண்ணு செய்யுமாம், தொர பார்த்துக்கிட்டு இருப்பாராம்! அவனுக்கா நம்ம புள்ளய குடுக்குறது? நம்மளுது வேர்வ சிந்தி சாப்பிடுற குடும்பம்!"

மறுநாள் காலை ஞானமேரி கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு மலையேறினாள். பின்னாலேயே குடையை விரித்தபடி லாசர் போனார். முப்பது பெண்கள் கொழுந்து பறிக்கும்போது யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டாமா?

அவர்தான் அங்கே கங்காணி.