மை ஃபாதர் ஈஸ் டால்

“டால் வேணாம்மே, சும்மா அப்பான்னு மட்டும் சொன்னா...”

“டால்னுதான்யா சொல்லணும், நீ ரோட்ட பாத்து...”

“ஏன், ஒசரம் அளந்து பாத்துட்டுத்தான் சீட்டு தருவாங்களா?”

“யோவ், இங்கிலீஷப் பத்தி உனுக்கு இன்னா தெரியும்? வாய மூடிகினு ஓட்டு.”

ஆட்டோ திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் லாரியின் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. முன்னால் காக்கிச் சட்டையில் பீம்ராவ். பின்சீட்டில் தாயம்மாவும், இஸ்திரி மடிப்புக் கசங்கிவிடுமோ என்று முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருந்த ஜெயவேலும்.

ஆறு வயது மகிழினி நடுவில் நின்று, முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தாள். ஒன்றாம் வகுப்புக்கு இன்டர்வியூ. காலடிப்பேட்டைப் பக்கம், பேர் போன பள்ளிக்கூடம்.

“நீ சொல்லு கண்ணு,” என்றாள் தாயம்மா.

“மை ஃபாதர் ஈஸ் டால். மை ஃபாதர் ஈஸ் ஃபேர். ஹி ஹாஸ் ஸ்ட்ரெயிட் ஹேர். ஹி வேர்ஸ் ஸ்பெக்ஸ்.”

மூச்சு விடாமல் ஒப்பித்தாள். குளிக்கும்போதும் சோறு தின்னும்போதும் சொல்லிச் சொல்லி, இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.

ஜெயவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். “எனுக்கு பயமா கீது.”

“நீ சிரிச்ச மூஞ்சா ஒக்காரு, போதும். கேட்டாங்கன்னா, ஆபீஸ்ல பேசறியே, அந்தமேரி நாலு வார்த்த எட்த்துவுடு.”

“அல்லாரும் ஷோக்காத்தான் கீறீங்க,” என்றான் பீம்ராவ், தெருவைவிட்டுக் கண்ணெடுக்காமல். “ஆட்டோதான் கலீஜா கீது.”

தாயம்மா மகிழினியின் காலரை இழுத்துச் சரிசெய்தாள்.

பள்ளிக்கூடத்துக் கேட்டுக்கு நாலு கடை முன்னாலேயே தாயம்மா நிறுத்தச் சொன்னாள். அங்கே இடமில்லை, கேட்டுக்கு எதிரேதான் நிறுத்த வேண்டியதாயிற்று.

“நீ உள்ள வராத. எங்களையே பாத்துகினும் நிக்காத. அந்தாண்ட திரும்பிக்க.”

“சரிமே.”

பீம்ராவ் மகிழினியைத் தூக்கி இறக்கிவிட்டான். அவிழ்ந்திருந்த ரிப்பனை முடிந்தான். முடிந்து முடித்தும் கையை எடுக்கவில்லை.

“உள்ள போனா மாமாவத்தான் அப்பான்னு கூப்புடணும். இன்னா?”

“அப்ப நீ?”

“நான் ஆட்டோக்காரன்.”

மகிழினிக்குச் சிரிப்பு வந்தது. நல்ல விளையாட்டு.

தாயம்மா அந்தப் பக்கம் திரும்பிப் பள்ளிக்கூடத்துப் பெயர்ப்பலகையைப் படிப்பவள்போல நின்றாள். போன வருஷம் வேறொரு பள்ளிக்கூடத்தில் பீம்ராவிடம் இங்கிலீஷில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். அவன் நாற்காலியை விட்டு எழுந்து கும்பிடு போட்டான். அதோடு சரி. வியாசர்பாடிக்குத் திரும்பி வரும் வழியில் அவனாகத்தான் சொன்னான், “அடுத்த தபா உன் தம்பிய இட்டுகினு போ.”

சொன்னது அவன்தான். ஆனால் ‘சேச்சே, இன்னா பேச்சு பேசற’ என்று ஒரு வாய் வார்த்தைக்காவது சொல்லாமல், ‘சரி’ என்றவள் இவள். அந்தச் ‘சரி’ அன்றிலிருந்து மீன் முள்ளாகத் தொண்டையில் கிடந்தது.

உள்ளே மேடம் நல்ல மாதிரியாக இருந்தார். மகிழினிக்கு முதலில் ஒரு சாக்லேட் கொடுத்தார். பிறகு அப்பாவைப் பற்றிக் கேட்டார். நாலு வரியும் கொட்டி முடிந்தது. தாயம்மாவுக்கு உயிர் வந்தது.

மேடம் சிரித்தார். “வர்ற பிள்ளைங்க எல்லாம் அப்பாவை மனப்பாடம் பண்ணிட்டுத்தான் வருதுங்க. இப்போ ஜன்னல் வழியா பாரு. வெளியில நிக்கிறவங்கள்ல யாராவது ஒருத்தரைச் சொல்லு, பார்ப்போம்.”

கேட்டருகே இரண்டு பேர்தான் நின்றிருந்தார்கள். ஒருவர் வாட்ச்மேன்.

வாட்ச்மேனைச் சொல்லு, என் தங்கமே, வாட்ச்மேனைச் சொல்லு என்று தாயம்மா உள்ளுக்குள் கெஞ்சினாள்.

மகிழினி ஜன்னல் கம்பியில் மூக்கை வைத்துப் பார்த்தாள். இந்தத் தடவை ஒப்பிக்கவில்லை. பார்த்தாள், சொன்னாள், மறுபடி பார்த்தாள், சொன்னாள்.

“ஹி ஈஸ் ஷார்ட். ஹி ஈஸ் டார்க். ஹி ஹாஸ்...”

வார்த்தை கிடைக்கவில்லை. தன் தலையிலிருந்தே ஒரு சுருளைப் பிடித்து இழுத்துக் காட்டினாள்.

“கர்லி,” என்று எடுத்துக் கொடுத்தார் மேடம்.

“கர்லி ஹேர்! ஹி ஈஸ் வேரிங் காக்கி ஷர்ட். ஹி ஹாஸ் ஒன் மோல். ஹியர்.” மோவாய்க்கு அடியில், கழுத்து மடிப்பில் விரலை வைத்தாள். மடியில் படுத்து அண்ணாந்து பார்த்தால்தான் தெரிகிற இடம். “ஹி ஈஸ் வெரி வெரி ஹேண்ட்சம்.”

மேடம் கை தட்டினார். ஜெயவேல் குனிந்து தன் ஷூவைப் பார்த்தான். தட்டிய கையோடு மேடமும் எழுந்துவந்து ஜன்னல் வழியே எட்டிப்பார்த்தார்.

பீம்ராவ் சொன்ன சொல் தட்டாமல், பள்ளிக்கூடத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான்.

“முதுகுதானேம்மா தெரியுது? அங்க மச்சம் இருக்கிறது உனக்கு எப்படித் தெரியும்?”

மகிழினி சாக்லேட்டை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு திரும்பினாள்.

“யம்மா, சொல்லவா?”