சூட்டில் நிற்காத வரி

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுகிறவள் அமலோற்பவம். கணவன் சவரிமுத்துவின் கல்லறையில் பதிக்க அவளே ஒரு பீங்கான் பலகை எழுதினாள். பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி எல்லாம் ஒரே கறுப்பில்தான். கடைசி வரியை மட்டும் வேகமாக எழுதி முடித்தாள். சூளையிலிருந்து வந்தபோது பெயரும் பிறந்த தேதியும் மினுமினுத்தன. இறந்த தேதி இருந்த இடம் பால்போல வெறுமையாக இருந்தது.

அந்தத் தேதியை அழுத்தி எழுதித் திரும்பவும் சூளைக்குக் கொடுத்தாள். மறுபடியும் அப்படியே வந்தது.

"இன்னாக்கா இது? கூட வெச்ச பொம்மைக்கெல்லாம் கண்ணு கறுப்பா நிக்குது. இந்த ஒரு வரி நிக்க மாட்டேங்குதே" என்றான் சூளைக்காரன் பாவாடை. "இன்னொரு தபா போடட்டுமா?"

"வாணாம். நிக்காதத எதுக்கு எழுதணும்?"

இயேசு உயிர்த்தெழுந்த ஈஸ்டர் நாள் விடியலில் கல்லறைத் தோட்டத்தில் சிமெண்டு குழைத்து, பலகையைப் பதித்தாள். மெழுகுவத்தியோடு வந்த பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி தன் மாமனார் கல்லறையைப் பார்த்துக் கத்தினாள். அமலோற்பவம் எழுந்து போனாள். அது உளியால் வெட்டிய கருங்கல். பெயர் இருந்தது, பிறந்த தேதி இருந்தது. அதற்குக் கீழே கல் வழவழவென்றிருந்தது. அடுத்த கல்லறையும் அப்படித்தான். கடைசி வரிசை வரை அப்படித்தான்.

"யாருடி இதெல்லாம் அழிச்சது?" என்றாள் ஆரோக்கியமேரி.

கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. கணவன் போனபிறகு முதல்முறையாக அமலோற்பவம் வாய்விட்டுச் சிரித்தாள்.

"இன்னிக்கு இன்னா நாளுன்னு தெரிஞ்சிகிட்டே கேக்குறியேடி!"