தனியே விடக் கூடாது

குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றி இன்றோடு நாலு மாதம். உள்ளே சின்னு பாடிக்கொண்டிருந்தாள். வெளியே அவளுடைய அண்ணி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

பாட்டு சட்டென்று நின்றது.

"சின்னு!" அண்ணி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

"சோப்பு வாய்க்குள்ள போயிடுச்சு அண்ணி. இருங்க, விட்ட இடத்துலேர்ந்து பாடுறேன்."

அண்ணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

எல்லாம் அந்தத் தாளால் வந்த வினை. உயிரை மாய்த்துக்கொள்ளத் தோன்றுகிற ஒருவரை எப்படிக் காப்பாற்றுவது என்று மனநல மையத்தில் எழுதிக் கொடுத்த பாதுகாப்புத் திட்டம். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. குளியலறைக்குத் தாழ்ப்பாள் வேண்டாம், உள்ளே இருப்பவர் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கட்டும். மருந்து மாத்திரை பூட்டுக்குள் இருக்கட்டும். வண்டிச் சாவி கண்ணில் படக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தனியே விடக் கூடாது.

வெளியூரில் பள்ளி நூலகத்தில் வேலை பார்த்தவள் சின்னு. திடீரென்று ஒருநாள் பெட்டியோடு வந்து இறங்கினாள். மறுநாளே அண்ணனும் தங்கையும் மையத்துக்குப் போய், அந்தத் தாளோடு திரும்பி வந்தார்கள்.

"எனக்கு மட்டும்னா கூச்சமா இருக்கு அண்ணி, குளிக்கிறப்ப எல்லாருமே பாடுவோம்" என்று சின்னு கேட்டுக்கொண்டாள். ஜென்மத்தில் பாட்டு வராத அண்ணன்காரர் அன்றிலிருந்து குளித்து முடிக்கும்வரை பதினேழாம் வாய்ப்பாடு சொன்னார். லிப்டு பழுது பார்ப்பவர் அவர். நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதில் பேர் போனவர். இப்போது நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்தார். கடைக்குப் போனாலும் மொட்டை மாடிக்குப் போனாலும் இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள்.

சாவிக்கொத்து அண்ணியின் இடுப்பில். ஒருநாள் எரிச்சலில் கேட்டே விட்டாள். "வண்டி ஓட்டவே தெரியாதவளுக்கு வண்டிச் சாவியை எதுக்குடி ஒளிக்கணும்?"

"தாள்ல இருக்கே அண்ணி" என்றாள் சின்னு.

அண்ணியைப் பெற்ற தாய்க்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. ஓர் எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வர முடியவில்லை. ஒரு டம்ளர் கீழே விழுந்தால்கூட ஓடிப் போய்ப் பார்த்தாள். பூட்டுகிறவளும் உள்ளேதானே கிடக்கிறாள். சின்னுவை வெறுத்துத் தொலைக்கலாம் என்றால், அந்தப் பெண்ணை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். அதுதான் பெரிய சிக்கல்.

மாதம் ஒருமுறை அண்ணனும் தங்கையும் மையத்துக்குப் போய்வரும் இரண்டு மணி நேரம்தான் அவளுக்கு மூச்சு விடக் கிடைக்கும் நேரம். இன்று அதையும் உதறிவிட்டு, "நானும் வர்றேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"நீ எதுக்கு? வீட்ல இரேன்" என்றார் அவர்.

"இல்லைங்க. இன்னிக்கு நான் பேசணும்."

மையத்தில் சின்ன அறை. ஆலோசகர் அம்மாள் மூன்று நாற்காலிகளை இழுத்துப் போட்டார். உட்காருவதற்கு முன்பே அண்ணி ஆரம்பித்துவிட்டாள்.

"மேடம், இவளை இங்கேயே சேர்த்துக்கோங்க. எங்களால முடியல. கண் அசந்த நேரத்துல ஒண்ணு ஆயிடுச்சுன்னா காலம் பூரா நான் எப்படித் தாங்குவேன்? இங்கன்னா பார்த்துக்க ஆள் இருக்கு. அவளுக்கும் நல்லதுதானே?"

"வேணாம் அண்ணி. என்னைச் சேர்க்காதீங்க. நான் வீட்ல இருக்கணும்" என்று சின்னு அண்ணனின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பார்த்தீங்களா மேடம், எப்படிப் பயப்படுறான்னு?" அண்ணி சின்னுவின் பக்கம் திரும்பினாள். "சின்னு, உன்மேல ஆசை இல்லாம சொல்லலடி. உங்கண்ணனைப் பாரு, உன்னைக் காவல் காத்தே ஆள் பாதியாயிட்டாரு. இவர் ஒருத்தர் திடமா இருக்கிற தைரியத்துலதான் நம்ம வீடே நிக்குது. இவரும் சாஞ்சிட்டா நான் எங்கடி போவேன்?"

ஆலோசகர் கோப்பை மெதுவாக மூடினார். "இதுல நானா எதுவும் சொல்லக் கூடாதும்மா. சொல்ல வேண்டியவங்கதான் சொல்லணும்" என்றார்.

"எழுதிக் கொடுத்ததே நீங்கதானே மேடம்? அப்புறம் யாரு சொல்லணும்? எங்க கையெழுத்துப் போடணும், சொல்லுங்க, போடுறேன்." மேசை மேலிருந்த பேனாவை அண்ணி எடுத்தாள்.

"அண்ணி, ப்ளீஸ்..." சின்னு அழ ஆரம்பித்தாள்.

அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த அண்ணன்காரர் நிமிர்ந்தார். மனைவியின் கையிலிருந்த பேனாவை மெல்ல வாங்கி மேசைமேல் வைத்தார்.

"அவளை விட்டுடும்மா. சாகணும்னு தோணினது எனக்கு."